கிரி வென்றது செல்லுமா? 1969 தேர்தலும் நாகர்கோவிலின் 576 வாக்கும்

ஆகஸ்ட் 3 – இரணியல் வாசகர் ஒருவர் கேட்டது

1969இல் வி.வி. கிரி குடியரசுத் தலைவர் ஆனது செல்லாத தேர்தல் என்று என் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் எண்ணிக்கையில் பாதி வாக்குகூட வாங்காதவரை, இரண்டாம் விருப்ப வாக்கு என்று ஏதோ கணக்குக் காட்டி ஜெயிக்கவைத்தார்கள். சொந்தக் கட்சி வேட்பாளரைப் பிரதமரே கவிழ்த்தார். காமராஜரை ஏமாற்றினார்கள். இப்படி வந்தவர் போட்ட கையெழுத்து எப்படிச் செல்லும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு

உங்கள் தாத்தா சொன்னதைத்தான் என் அப்பாவும் சொன்னார். தக்கலையில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்தவர். 1969 ஜனவரி இடைத்தேர்தலில் கடையை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு, காமராஜருக்காக ஊர் ஊராக நடந்தவர். மார்ஷல் நேசமணியின் மறைவால் வந்த இடைத்தேர்தல் அது. 1967இல் விருதுநகரில் தோற்ற தலைவரை நாகர்கோவில் ஜெயிக்கவைத்து டில்லிக்கு அனுப்பியது என்ற பெருமை அவருக்குக் கடைசி வரை இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி மாலை, ரேடியோவில் கிரி வெற்றி என்று சொன்னபோது அப்பா எழுந்து போய் அதை அணைத்தார். எனக்கு அப்போது பத்து வயது. ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அதனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் சட்டக் கேள்வியாகத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அப்பா கோபப்பட்டதில் நியாயம் இருந்தது, "செல்லாது" என்று சொன்னதில் நியாயம் இல்லை. இந்த இரண்டையும் பிரிக்க எனக்கு முப்பது வருடம் பிடித்தது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 4, காலை

முதலில் கணக்கு. தாத்தாக்கள் எல்லாரும் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி சீட்டில் குறிப்பார்கள்; ஒவ்வொருவர் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. பதிவான செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. ஜெயிக்கத் தேவை அதில் பாதியும் ஒன்றும், அதாவது 4,18,169. முதல் விருப்ப வாக்கில், சுயேச்சையாக நின்ற கிரி 4,01,515. காங்கிரஸ் வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548. ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் நிறுத்திய சி.டி. தேஷ்முக் 1,12,769. மொத்தம் 15 பேர் களத்தில் இருந்தார்கள். மற்றவர்கள் வாங்கியது சொற்பம்.

யாரும் பாதியைத் தாண்டவில்லை. எனவே கீழே இருப்பவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்த்து மாற்றினார்கள். இது யாரோ அந்த இரவில் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 55ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிற முறை; ராஜேந்திர பிரசாத் காலத்திலிருந்தே உள்ளது. முந்தைய தேர்தல்களில் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை.

மாற்றிய பின் கிரி 4,20,077. ரெட்டி 4,05,427.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். கிரிக்குக் கூடியது 18,562. ரெட்டிக்குக் கூடியது 91,879. இரண்டாம் விருப்ப வாக்குகள் ரெட்டிக்கு ஐந்து, கிரிக்கு ஒன்று என்ற அளவில் ரெட்டி பக்கம்தான் போயிருக்கின்றன! "இரண்டாம் விருப்ப வாக்கைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள்" என்று அப்பா சொல்லாத நாள் இல்லை. உண்மையில் அந்த வாக்குகள்தான் அவர் வேட்பாளரைக் கரை வரைக்கும் கொண்டுவந்தன. கிரியைக் காப்பாற்றியது முதல் எண்ணிக்கையில் அவர் பெற்றிருந்த முன்னிலை.

ஆகஸ்ட் 4, மதியம்

நம் மாவட்டக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அந்தத் தேர்தலில் ஒரு எம்.பி.யின் வாக்கு மதிப்பு 576. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவருக்கு 144. அப்போது குமரி மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள்: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர். ஏழு பேருக்கும் சேர்த்து 1,008. நாகர்கோவில் எம்.பி. காமராஜரின் 576ஐயும் சேர்த்தால் 1,584.

தேவையான பாதியைக் கிரி தாண்டியது 1,908. நம் மாவட்டத்தின் மொத்தக் கனத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இந்தியா முழுவதும் நடந்த தேர்தல், ஒரு மாவட்டத்தின் எடையில் வந்து நின்றிருக்கிறது.

ரெட்டிக்கும் கிரிக்கும் கடைசி வித்தியாசம் 14,650. 576ஆல் வகுத்தால் 25 புள்ளி சொச்சம். ஆக, 26 எம்.பி.க்கள் மாற்றிப் போட்டிருந்தால் வேறு குடியரசுத் தலைவர்.

ஆகஸ்ட் 4, இரவு

மார்த்தாண்டத்து வாசகர் ஒருவர் என் கணக்கைத் திருத்திவிட்டார், அவர் சொல்வதே சரி. ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் இங்கே 576 குறையும், அங்கே 576 கூடும். வித்தியாசம் 1,152 சுருங்கும். எனவே 26 வேண்டாம், 13 பேர் போதும். தராசில் ஒரு தட்டிலிருந்து எடுத்து மறு தட்டில் வைப்பது போல என்று எழுதியிருக்கிறார். தேங்காய்க் கடையில் வளர்ந்தவனுக்கு இதை இன்னொருவர் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நன்றி.

ஆகஸ்ட் 6

இப்போது "பிரதமரே கவிழ்த்தார்" என்ற பகுதி.

நடந்தது இது. 1969 மே 3ஆம் தேதி ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே இறந்தார். ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கூடியது. வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி என்று கட்சியின் மூத்தவர்கள் முடிவு செய்தார்கள். காமராஜர் அந்தப் பக்கம். இந்திரா காந்திக்கு அதில் விருப்பமில்லை. இருந்தும் ரெட்டியின் வேட்புமனுவில் அவரே கையெழுத்துப் போட்டார். பிறகு வாக்குப்பதிவு நெருங்கும்போது, மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்ற நிலைக்குப் போனார். கொறடா உத்தரவு, அதாவது கட்சி சொல்படியே வாக்களிக்க வேண்டும் என்ற கட்டளை, போடச் சொன்ன கட்சித் தலைவர் நிஜலிங்கப்பாவுக்கு மறுத்துவிட்டார்.

முன்மொழிந்த கையாலேயே தள்ளிவிடுவதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. பிடிக்காவிட்டால் பெங்களூரிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். கையெழுத்து என்றால் கையெழுத்து. பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் நிலம் என்னுடையது என்று சொன்னால் நம் ஊரில் என்ன பெயர் வைப்பார்கள்?

ஆனால் அரசமைப்புச் சட்டம் இதில் எங்கே மீறப்பட்டது? தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. வாக்கு ரகசியம் என்று 55ஆவது பிரிவு சொல்கிறது. அது அந்த உறுப்பினரின் வாக்கு, கட்சியின் வாக்கு அன்று. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகும் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குக் கொறடா உத்தரவு கட்டுப்படுத்தாது. கொறடா போட மறுத்தது கட்சிக்குச் செய்த துரோகமாக இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது எந்தக் குற்றமும் இல்லை.

ஆகஸ்ட் 6, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டேன். நிஜலிங்கப்பா ஜனசங்கத் தலைவர்களையும் சுதந்திராக் கட்சித் தலைவர்களையும் சந்தித்து, உங்கள் இரண்டாம் விருப்பத்தை ரெட்டிக்குக் கொடுங்கள் என்று கேட்டார். இந்திரா தரப்பு பிடித்துக்கொண்ட காரணமே அதுதான். அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வாக்குக் கேட்பது தவறில்லை. ஆனால் கூட்டாளிகளைத் தேடிப் போனது ஒரு தரப்பு மட்டுமே என்பது போல நான் எழுதியது நேர்மையில்லை.

ஆகஸ்ட் 7

குலசேகரத்திலிருந்து ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: கிரி அப்போது துணைக் குடியரசுத் தலைவர், பொறுப்புக் குடியரசுத் தலைவரும் அவரே. நாற்காலியில் இருந்துகொண்டே எப்படிப் போட்டியிடலாம்?

இருந்துகொண்டே போட்டியிடச் சட்டம் அனுமதிக்கிறது. 58ஆவது பிரிவின் விளக்கத்தில், குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர் பதவிகள் ஆதாயப் பதவியாக (போட்டியிடத் தடையாகும் அரசுப் பதவியாக) கருதப்படா என்று தெளிவாக உள்ளது. இருந்தும் கிரி ஜூலை 20ஆம் தேதி பதவி விலகினார். அதற்கு முந்தைய நாள்தான் 14 வங்கிகளைத் தேசியமயமாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார்.

சட்டம் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. துணைக் குடியரசுத் தலைவர் விலகல் கடிதத்தைக் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும். குடியரசுத் தலைவர் துணைக் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும். ஒருவர் இறந்து, அவர் இடத்தில் இருப்பவரும் விலகுகிறார் என்றால், கடிதத்தை எழுதுபவரும் வாங்குபவரும் ஒரே ஆள்.

இரண்டு நாற்காலியும் காலியானால் யார் என்று மூலச் சட்டத்தில் இல்லை. ஆனால் எதிர்பாராத நிலைக்குப் பாராளுமன்றமே வழி செய்யலாம் என்று 70ஆவது பிரிவு வாசலைத் திறந்து வைத்திருந்தது. அதைப் பயன்படுத்தி 1969 மே மாதத்திலேயே ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். அதன்படி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 24 வரை பொறுப்புக் குடியரசுத் தலைவராக இருந்தார். அமெரிக்க அதிபர் நிக்சன் டில்லி வந்தபோது வரவேற்றவர் அவர்தான். ஆட்டம் தொடங்கும் முன்பே விதியை எழுதிவைத்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகஸ்ட் 9

துண்டுப் பிரசுரம். இதைத் தள்ளித் தள்ளி வைத்தேன்.

வாக்குப்பதிவுக்கு முன்பு, சஞ்சீவ ரெட்டியின் தனிப்பட்ட ஒழுக்கத்தைக் கேவலமாகப் பேசும் பெயரில்லாத பிரசுரம் ஒன்று எம்.பி.க்களுக்குத் தபாலில் போனது. பாராளுமன்ற மைய மண்டபத்திலும் கைமாறியது. தேர்தலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுக்களில் கனமான குற்றச்சாட்டு இதுதான்.

சட்டம் இதற்கு இரண்டு வாசல் வைத்திருந்தது. தகாத செல்வாக்கு என்ற குற்றத்தை ஜெயித்தவரே செய்திருந்தாலோ, அவருக்குத் தெரிந்து அவர் சம்மதத்தோடு நடந்திருந்தாலோ தேர்தல் ரத்து. வேறு யாரோ செய்திருந்தால், அதனால் முடிவே மாறியது என்று நிரூபிக்க வேண்டும். மனுதாரர்களால் இரண்டையும் நிரூபிக்க முடியவில்லை. மனுக்கள் தள்ளுபடி.

அப்பா இதைச் சொல்லும்போது குரல் உயரும். "எழுதினது உண்மை, கொடுத்தது உண்மை, அவமானப்பட்டது உண்மை, அப்புறம் என்ன நிரூபணம் மக்களே?" என்பார்.

எனக்கு இது புரிந்தது வேறு விதமாக. பதினைந்து வருடம் முன்பு நான் ஒரு சங்கத் தேர்தலில் நின்றேன். பெரிய சங்கமில்லை, முந்நூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள். தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் எல்லார் வீட்டுக்கும் ஒரு மஞ்சள் நிற அஞ்சல் அட்டை போனது. நான் பொருளாளராக இருந்தபோது பணம் கையாடினேன் என்று தட்டச்சில் நான்கு வரி. கையெழுத்து இல்லை. என் மனைவிதான் எங்கள் வீட்டுக்கு வந்த அட்டையை முதலில் படித்தாள். படித்துவிட்டு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள், நான் பார்க்கக் கூடாதென்று. 9 வாக்கில் தோற்றேன்.

புகார் கொடுத்தேன். விசாரித்த பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த அட்டையைப் படித்துவிட்டு மனம் மாறியவர்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வர முடியுமா? யார் வருவார்? "பொய்யை நம்பி உனக்கு எதிராக வாக்களித்தேன்" என்று யார் வாயைத் திறந்து சொல்வார்? ரகசிய வாக்கு என்ற பாதுகாப்பே அந்த இடத்தில் எனக்குச் சுவராக நின்றது. வீடு திரும்பும் வழியில்தான் அப்பாவின் கோபம் முதன்முறையாக என் கோபமாக ஆனது. அந்தச் சுவரை இடித்தால் என்ன ஆகும் என்பதும் அன்றே தெரிந்தது. அடுத்த தேர்தலில் ஒவ்வொருவரும் யாருக்குப் போட்டோம் என்று கணக்குக் காட்ட வேண்டிவரும். அதற்கு நான் தோற்றதே மேல்.

ஆகஸ்ட் 10

"உங்கள் கதைக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டவருக்கு: 9 வாக்குக்கு எனக்கு 5 பேர் தேவைப்பட்டார்கள். 14,650க்கு 13 பேர். அளவுதான் வேறு.

இன்னொன்று. உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் சாய்ந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அதே நீதிமன்றம்தான் 1970 பிப்ரவரியில் வங்கி தேசியமயச் சட்டத்தை அடித்துத் தள்ளியது. அதே ஆண்டு, அதே அரசு. தலையாட்டும் நீதிமன்றமாக இருந்தால் முதலில் அங்கே ஆட்டியிருக்கும்.

ஆகஸ்ட் 12

நீதிமன்றத்தைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத காட்சி: கிரி, பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்றத்துக்கே வந்து சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதற்கு முன் எந்தக் குடியரசுத் தலைவரும் பதவியில் இருக்கும்போது அப்படி வந்ததில்லை. நாட்டின் முதல் குடிமகன், தன்னைத் தேர்ந்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கில் சாட்சி சொல்கிறார் என்றால் அது சின்ன விஷயமா? அப்பா இதை ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை. நானாகப் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கிரி மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றிலிருந்துதான்.

அவரை நான் பார்த்திருக்கிறேன். 1970 செப்டம்பர் 2, விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத் திறப்பு விழா. திறந்துவைத்தவர் கிரி. வழக்கின் விரிவான தீர்ப்பு வெளிவந்தது செப்டம்பர் 14, அதாவது பன்னிரண்டு நாள் கழித்து. அப்பா வர மறுத்துவிட்டார். "பாறையை நாளைக்கும் பார்க்கலாம்" என்றார். மாமாதான் என்னைத் தக்கலையிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போனார். கரையில் மணல் தெரியாத கூட்டம். மாமா தோளில் ஏற்றிக்கொண்டார். காரின் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை உடை, கனத்த முகம், கூப்பிய கை. நானும் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13

இதைப் படித்த என் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "உன்னை யார் தோளில் ஏற்றினார்கள்? பதினோரு வயது தடியனை மாமா தூக்கினாரா? நீ லாரி மேல் ஏறி நின்றாய். பார்த்தது போலீஸ் ஜீப்பை" என்கிறாள். அவளும் அன்று கூட இருந்தாள். மறுக்க எனக்குத் தெம்பில்லை. தோள் நிச்சயமாக இல்லை. கூப்பிய கை மட்டும் என் கண்ணில் இருக்கிறது. அது பின்னால் செய்திப் படத்தில் பார்த்த கையாகவும் இருக்கலாம். அப்பாவிடம் சொல்லாமல் இருந்தது உண்மை. அதை அக்காவும் மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 16

இன்றைய தேதியில்தான் 1969இல் வாக்குப்பதிவு நடந்தது.

இரணியல் நண்பரின் கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை: செல்லாத தேர்தலில் வந்தவர் போட்ட கையெழுத்து எப்படிச் செல்லும்? 71ஆவது பிரிவைப் படியுங்கள். இந்தத் தேர்தல் பற்றிய தகராறை விசாரிப்பது உச்ச நீதிமன்றம் மட்டுமே, அதன் முடிவே இறுதி. தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தால்கூட, அந்தத் தேதி வரைக்கும் அவர் பதவியில் செய்தவை செல்லும். இல்லையென்றால் வழக்கு நடக்கும் காலமெல்லாம் எந்தச் சட்டத்துக்கும் உயிர் இருக்காது.

இந்தப் பிரிவு ஒவ்வொரு சண்டையிலும் தழும்பு வாங்கியது. 1957இல், சில இடங்களில் பொதுத் தேர்தலே முடியவில்லை, வாக்காளர் குழு முழுமையடையவில்லை என்று என்.பி. கரே வழக்குப் போட்டார், தோற்றார். 1961இல் 11ஆவது திருத்தம்: குழுவில் காலியிடம் இருப்பதைக் காரணமாகக் காட்டித் தேர்தலைக் கேள்வி கேட்க முடியாது. 1974இல் குஜராத் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்தது, ஒரு மாநிலமே இல்லாமல் தேர்தலா என்று கேட்டபோது, நடத்தலாம், நடத்தியே ஆக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இதில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. ஒரு மாநிலத்து மக்கள் குரல் இல்லாமல் வந்தவர் அந்த மாநிலத்துக்கும் தலைவர்தானே. ஆனால் மறுத்தால், சட்டமன்றத்தைக் கலைத்தே தேர்தலைத் தள்ளிப்போடும் வழி திறந்துவிடும்.

உண்மையான ஆபத்து 1975இல் வந்தது. நெருக்கடி நிலையின்போது 39ஆவது திருத்தம் இந்தத் தகராறுகளையே நீதிமன்றத்திடமிருந்து பிடுங்கியது. 1978இல் 44ஆவது திருத்தம்தான் திருப்பிக் கொடுத்தது. 1969இல் தோற்றவர்களுக்கு வழக்குப் போட ஒரு கதவு இருந்தது. 1975இல் அந்தக் கதவையே பெயர்த்தார்கள். உங்கள் தாத்தாவும் என் அப்பாவும் கோபப்பட வேண்டிய ஆண்டு அதுதான். என் அப்பா கோபப்பட்டார். அந்த அக்டோபர் 2ஆம் தேதி காமராஜர் இறந்தபோது அந்தக் கோபத்தை வெளியே சொல்ல முடியாத காலமாக இருந்தது.

ஆகஸ்ட் 20

இரண்டு நாளாக மச்சில் இருந்த டிரங்குப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன்.

1977இல் சஞ்சீவ ரெட்டி குடியரசுத் தலைவர் ஆனார். 37 பேர் மனுச் செய்து, 36 மனுக்கள் தள்ளுபடியாகி, போட்டியில்லாமல். எட்டு வருடம் காத்திருந்த அப்பா இனிப்பு வாங்கி வருவார் என்று நினைத்தேன். வாங்கவில்லை. கடைத் திண்ணையில் தேங்காய் எண்ணிக்கொண்டே, "எண்ணாமல் வந்தது தேர்தலா மக்களே" என்றார். அன்று எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது.

பெட்டியில் 1969ஆம் ஆண்டுக் கடைக் கணக்கு நோட்டு கிடைத்தது. பூச்சி அரித்திருக்கிறது. ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. மேல் பாதியில் திங்கள்சந்தைக்கு அனுப்பிய தேங்காய், லாரிக் கூலி, உரிகூலி. கீழ்ப் பாதியில் வேறு மை. 4,20,077. அதன் கீழே 4,05,427. கழித்து 14,650. அதை 1,152ஆல் வகுத்திருக்கிறார், நேராக, என்னைப் போல 576ஆல் வகுத்து அடித்துத் திருத்தாமல். விடை 12க்கு மேல் என்று போட்டு, 13 என்று எழுதிச் சுற்றி வட்டமிட்டிருக்கிறார். கணக்கில் பிழை இல்லை.

வட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதி, பிறகு விரலால் தேய்த்து அழித்திருக்கிறார். வெயிலில் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். "சரி" என்பது மட்டும் தெரிகிறது. அதற்கு முன் ஒரு சொல் இருந்திருக்கிறது, படிக்க முடியவில்லை. மறுபக்கத்தில் ஆகஸ்ட் 23ஆம் தேதி தேங்காய்க் கணக்கு தொடங்குகிறது.

நோட்டை அக்காவுக்கு அனுப்புகிறேன். அவள் கண் என் கண்ணைவிட நன்றாகத் தெரியும்.